லோக்கல்ல பாஸ், சிஐல ஃபெயில்: ஃபைல் வரிசை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டெக்ரேஷன் டெஸ்ட் எழுதறவங்க, சிஐ பைப்லைன் (கோடு மாறினதும் தானா பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டற ஏற்பாடு) பார்த்துக்கறவங்க, திடீர்னு ஒரு நாள் சிவப்பா மாறின பில்டை முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறவங்க எல்லாருக்குமா சேர்த்து இது. ஃபோல்டர்ல இருந்து ஃபைல்களைப் படிக்கிற எந்த கோடுக்கும் இது பொருந்தும், லாங்வேஜ் எதுவா இருந்தாலும்.

கோடு ஒண்ணுதான், என் மெஷின்ல பாஸ் ஆகுது, சிஐல ஃபெயில் ஆகுது. ஃபைல் வரிசைதான் காரணம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

சில அடையாளம் இருக்கு. ஃபெயில் ஆகற டெஸ்டை தனியா ஓட்டினா பாஸ் ஆகும், மொத்தமா ஓட்டினா மட்டும் விழும். இல்லன்னா அவுட்புட்ல எல்லா வரியும் சரியா இருக்கும், ஆனா இடம் மாறி இருக்கும். இல்லன்னா யாரோ சம்பந்தமே இல்லாத ஒரு புது ஃபைலை சேர்த்திருப்பாங்க, அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கும். இன்னொண்ணு, ஒரே ஏஜென்ட்ல (சிஐல பில்ட் ஓடற மெஷின்) எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே மாதிரி ஃபெயில் ஆகும், வேற ஏஜென்ட்ல போட்டா பாஸ் ஆகும். டைமிங் பிரச்சனை இப்படி நடந்துக்காது, அது ஒரே மெஷின்லயே வரும் போகும். இந்த வித்தியாசத்தை கவனிச்சாலே பாதி தேடல் மிச்சம். ஆனா முடிவு பண்றதுக்கு ஒரே வழி, டைரக்டரியைப் படிக்கிற இடத்துல வந்த லிஸ்டை அப்படியே லாக்ல எழுதி ரெண்டு மெஷினோட லாகையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறதுதான்.

டைரக்டரியைப் படிச்சா பேர் எல்லாம் ஏ பி சி வரிசையிலதானே வரணும்?

வரணும்னு யாருமே சொல்லல, அதுதான் விஷயம். போசிக்ஸ்ல (யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான பொது ஸ்டாண்டர்ட்) டைரக்டரியைப் படிக்கிற ரீட்டிர் ஃபங்ஷன் எந்த வரிசையில பேர்களைக் குடுக்கணும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, ஃபைல் சிஸ்டம் உள்ள எப்படி வெச்சிருக்கோ அப்படியே வரும். விண்டோஸ்ல என்டிஎஃப்எஸ் ஒரு டைரக்டரியோட பேர்களை பி-ட்ரீல பேர் வரிசையில வெச்சிருக்கு, அதனால அங்க கேட்டா அழகா அகர வரிசையில வரும், ஆனா அதே விண்டோஸ்ல ஃபேட் ஃபார்மட் பண்ண பென்டிரைவ்ல இருந்து படிச்சா டிஸ்க்ல எழுதப்பட்ட வரிசையில வரும். மேக்ல பழைய எச்எஃப்எஸ் பிளஸும் பேர் வரிசையிலதான் வெச்சிருந்தது. 2017ல ஹை சியராவோட ஏபிஎஃப்எஸ் வந்தப்புறம் அது போச்சு, இப்ப மேக்கும் சார்ட் பண்ணி தர்றதில்ல. லினக்ஸ்ல எக்ஸ்ட்4 பேரை ஹாஷ் பண்ணி (பேர்ல இருந்து ஒரு எண்ணைக் கணக்கு போட்டு) அந்த ஹாஷ் வரிசையில குடுக்குது, பார்க்கறதுக்கு கலைச்சுப் போட்ட மாதிரிதான் இருக்கும்.

அதனால விண்டோஸ்லயோ பழைய மேக்லயோ வருஷக்கணக்கா வேலை பார்த்தவங்களுக்கு 'வரிசையாத்தான் வரும்'னு ஒரு நம்பிக்கை கையிலயே ஊறிப் போயிருக்கும். அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, அவங்க மெஷின் அவங்களுக்கு தினமும் அதைத்தான் காட்டிச்சு.

ஆனா லினக்ஸ்ல எல்எஸ் அடிச்சா வரிசையாதானே காட்டுது?

எல்எஸ் தானா சார்ட் பண்ணிட்டுதான் காட்டுது. பச்சையா என்ன வருதுன்னு பாக்கணும்னா பெரிய எழுத்து யு ஆப்ஷன் போட்டு எல்எஸ் அடிங்க, இல்ல ஃபைண்ட் கமாண்டை ஓட்டுங்க, அது சார்ட் பண்ணாது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர், மேக் ஃபைண்டர் இதெல்லாமும் அப்படித்தான், கண்ணுக்கு தெரியறது ஒரு வரிசை, ப்ரோக்ராமுக்கு கிடைக்கிறது வேற வரிசை. டீபக் பண்ணும்போது எக்ஸ்ப்ளோரர் ஸ்க்ரீன்ஷாட்டை ஆதாரமா அனுப்பாதீங்க ப்ளீஸ், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ரெண்டு மெஷினுமே லினக்ஸ், ரெண்டுமே எக்ஸ்ட்4, ஃபைல் பேரும் அதேதான், அப்பவும் வேற வரிசை வருதே?

வரும். அந்த ஹாஷுக்கு ஒரு சீட் (கணக்கு ஆரம்பிக்கிற எண்) இருக்கு, ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போது அது ரேண்டமா செட் ஆகி சூப்பர்பிளாக்ல (ஃபைல் சிஸ்டம் தன்னோட விவரத்தை வெச்சுக்கற இடம்) உட்கார்ந்துக்கும். ரெண்டு டிஸ்கை தனித்தனியா ஃபார்மட் பண்ணியிருந்தா சீட் வேற, அதனால வரிசையும் வேற. ஒரே இமேஜ்ல இருந்து காப்பி பண்ண ரெண்டு விஎம்ல ஒரே வரிசை வரும், புதுசா டிஸ்க் போட்ட மூணாவது விஎம்ல மாறும். ஏஜென்ட் மாத்தினதும் பில்ட் உடையற கதைல நிறைய இடத்துல இதுதான் நடக்குது, யாரும் கோடை தொடலன்னு எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க, அது உண்மையாவும் இருக்கும்.

இதனால நிஜமாவே பெரிய பாதிப்பு வந்திருக்கா, இல்ல சும்மா பில்ட் சிவப்பாகற அளவுதானா?

வந்திருக்கு. 2019ல ஹவாய் பல்கலைக்கழகத்து வேதியியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தை வெளிய கொண்டு வந்தாங்க. என்எம்ஆர் கெமிக்கல் ஷிஃப்ட் கணக்கு போடறதுக்காக 2014ல வெளியான பைத்தான் ஸ்க்ரிப்ட், நிறைய பேர் ஆராய்ச்சிக்கு எடுத்து பயன்படுத்தினது, அது ஒரே டேட்டாவுக்கு ஓஎஸ்ஸைப் பொறுத்து வேற வேற விடை குடுக்குதுன்னு. விண்டோஸ் 10லயும் மேக் மாவரிக்ஸ்லயும் சரியான விடை, மேக் மொஹாவேலயும் உபுண்டுலயும் தப்பான விடை. காரணம் என்னன்னா ஸ்க்ரிப்ட் க்ளாப் (பேர் பேட்டர்னுக்குப் பொருந்தற ஃபைல்களைத் தேடித் தர்ற ஃபங்ஷன்) மூலமா ரெண்டு வகை ஃபைல்களோட லிஸ்டை தனித்தனியா எடுத்து, முதலாவதுக்கு முதலாவது, ரெண்டாவதுக்கு ரெண்டாவதுன்னு ஜோடி சேர்த்திருக்கு, சார்ட் பண்ணல. மாவரிக்ஸ் எச்எஃப்எஸ் பிளஸ், மொஹாவே ஏபிஎஃப்எஸ், மேல சொன்னதை இதோட பொருத்திப் பாருங்க, கச்சிதமா உட்காரும்.

இதுல எனக்கு உறுத்தற விஷயம், ஸ்க்ரிப்ட் எழுதினப்ப ஓட்டிப் பார்த்த மெஷின்ல அது சரியாவே வேலை செஞ்சிருக்கும், எர்ரர் எதுவும் வராது, நம்பர் மட்டும் மாறும். பில்ட் சிவப்பானா பரவாயில்லன்னு நான் சொல்றது அதனாலதான். பச்சையாவே இருந்துட்டு தப்பான நம்பரைக் குடுக்கறதுதான் பயப்பட வேண்டியது.

எந்த லாங்வேஜ் சார்ட் பண்ணி குடுக்கும், எது குடுக்காது?

பைத்தான்ல லிஸ்ட்டிர், ஸ்கேன்டிர், க்ளாப், பாத்லிப்போட இட்டர்டிர், எதுவும் சார்ட் பண்ணாது. ஓஎஸ் வாக் பயன்படுத்தினா ஃபைல் லிஸ்டை மட்டும் சார்ட் பண்ணா பத்தாது, டைரக்டரி லிஸ்டையும் அதே இடத்துலயே சார்ட் பண்ணணும், அப்பதான் உள்ள இறங்கற வரிசையும் நிலைக்கும், இதை விட்டுட்டு 'சார்ட் போட்டேனே'ன்னு சொல்றவங்க நிறைய. ஜாவால லிஸ்ட்ஃபைல்ஸ் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் இல்லன்னு டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு. சி ஷார்ப், ரஸ்ட் ரெண்டும் அப்படியே. கோ லாங்வேஜ்ல ஓஎஸ் ரீட்டிர் பேர் வரிசையில சார்ட் பண்ணி குடுக்கும், ஆனா ஃபைல் ஹேண்டிலைத் திறந்து நேரா படிச்சா குடுக்காது. பிஎச்பில ஸ்கேன்டிர் சார்ட் பண்ணும், ரீட்டிர் பண்ணாது. ரூபில டிர் க்ளாப் 3.0 வெர்ஷன்ல இருந்து சார்ட் பண்ணுது, அதுக்கு முன்னாடி இல்ல.

க்னூ மேக் (பில்ட் கருவி, ஆப்பிள் மேக் இல்ல) கதை இன்னும் வேடிக்கை, வைல்ட்கார்ட் (நட்சத்திரக் குறி மாதிரி பேட்டர்ன்ல ஃபைல்களை எடுக்கறது) முதல்ல சார்ட் ஆகி வந்துட்டு இருந்தது, 2010ல வந்த 3.82ல அதை எடுத்துட்டாங்க, 2020ல 4.3ல திரும்ப கொண்டு வந்தாங்க. நடுவுல எந்த வெர்ஷன் உங்க பில்ட் மெஷின்ல இருக்குன்னு பார்த்துக்கோங்க. வெர்ஷனை நம்பி இருக்கறதை விட மேக்ஃபைல்ல நீங்களே சார்ட் போட்டுடுங்க, ஒரு வார்த்தை செலவு.

சார்ட் போட்டாச்சு. அப்பவும் விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் வேற வரிசை வருது. ஏன்?

இந்தக் கேள்விக்கு நிறைய எழுதணும், ஏன்னா பாதிப்பேர் இங்கதான் மாட்டறாங்க.

முதல்ல பாத் செபரேட்டர். முழு பாத்தை ஸ்ட்ரிங்கா சார்ட் பண்றீங்கன்னு வைங்க. லினக்ஸ்ல 'டெஸ்ட்/பி' 'டெஸ்ட்1/ஏ' ரெண்டையும் சார்ட் பண்ணா 'டெஸ்ட்/பி' முதல்ல, ஏன்னா '/' குறியோட மதிப்பு 47, '1' ஓட மதிப்பு 49. விண்டோஸ்ல அங்க '\' வரும், அதோட மதிப்பு 92, அதனால 'டெஸ்ட்1\ஏ' முன்னாடி வந்து நிக்கும். சார்ட் சரியாத்தான் நடந்திருக்கு, கொடுத்த ஸ்ட்ரிங் தான் வேற. பாத்தை துண்டு துண்டா பிரிச்சு அந்தத் துண்டுகளோட லிஸ்டா ஒப்பிடுங்க, இல்ல எல்லா இடத்துலயும் '/' க்கு மாத்திட்டு சார்ட் பண்ணுங்க.

அடுத்தது லோக்கேல், அதாவது மொழி, நாடு சார்ந்த செட்டிங். ஷெல்ல நட்சத்திரக் குறி போட்டா வர்ற லிஸ்ட், சார்ட் கமாண்ட், எல்எஸ் எல்லாம் லோக்கேல் செட்டிங்கைப் பொறுத்து மாறும். சி லோக்கேல்ல பைட் மதிப்புதான் கணக்கு, பெரிய எழுத்தெல்லாம் சின்ன எழுத்துக்கு முன்னாடி வந்துடும், அமெரிக்க இங்கிலீஷ் லோக்கேல்ல பெரிசு சின்னது கலந்து வரும். இதுல இன்னொரு தொல்லை, லோக்கேல் ஒண்ணா இருந்தாலும் லைப்ரரி மாறினா வரிசை மாறும். 2018ல வந்த க்ளிப்சி (லினக்ஸ்ல பரவலா இருக்கிற சி லைப்ரரி) 2.28ல கொலேஷன் விதிகளை, அதாவது எழுத்துகளை வரிசைப்படுத்தற விதிகளை மொத்தமா புதுப்பிச்சாங்க, ஓஎஸ் அப்கிரேட் பண்ண இடத்துல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இன்டெக்ஸ் எல்லாம் திரும்ப கட்ட வேண்டி வந்தது. ஆல்பைன் லினக்ஸ் இமேஜ்ல இருக்கிற மசில் லைப்ரரி லோக்கேல் சார்ட்டிங்கே பண்றதில்ல, பைட் வரிசைதான், அதனால டெபியன் இமேஜ்ல ஓடின ஷெல் ஸ்க்ரிப்டை ஆல்பைனுக்கு மாத்தினா சத்தமில்லாம வரிசை மாறிடும். டெஸ்ட் ஸ்க்ரிப்ட் எல்லாத்துலயும் முதல் வரியிலேயே எல்சி ஆல் வேரியபிளை 'சி'ன்னு செட் பண்ணிடுங்க, யோசிக்கவே வேண்டாம்.

சி ஷார்ப்ல ஸ்ட்ரிங் சார்ட் தானாவே கல்ச்சரைப் (மொழி, நாடு செட்டிங்) பார்க்கும், ஆர்டினல் கம்பேரர் (எழுத்தோட எண் மதிப்பை மட்டும் ஒப்பிடறது) கொடுத்தாதான் எல்லா இடத்துலயும் ஒண்ணா வரும். டாட்நெட் 5ல விண்டோஸ்லயும் ஐசியுங்கிற யூனிகோட் லைப்ரரிக்கு மாறினதுல இருந்து பழைய டெஸ்ட் சிலது உடைஞ்சதும் இந்த வகைதான்.

அப்புறம் எண்கள். 'டெஸ்ட்10' 'டெஸ்ட்2' ரெண்டையும் ஸ்ட்ரிங்கா ஒப்பிட்டா 10 முதல்ல வரும். எக்ஸ்ப்ளோரர் எண் மதிப்பைப் பார்த்து 2ஐ முன்னாடி காட்டும். பேர் வெக்கும்போதே முன்னாடி சைபர் போட்டு 002, 010ன்னு வெச்சிட்டா சண்டையே இல்ல.

ரொம்ப அபூர்வமா ஒண்ணு: ஜாவாவும் ஜாவாஸ்க்ரிப்டும் யூடிஎஃப்-16 யூனிட்டா ஒப்பிடும், கோவும் ரஸ்டும் யூடிஎஃப்-8 பைட்டா ஒப்பிடும். சாதாரண எழுத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஃபைல் பேர்ல எமோஜி வந்தா மாறலாம். ரெண்டு லாங்வேஜ்ல எழுதின சர்வீஸ்கள் ஒரே லிஸ்டை ஒப்பிடற இன்டெக்ரேஷன் டெஸ்ட்னா மனசுல வெச்சுக்கோங்க.

ஃபைல் பேர் தமிழ்ல இருந்தா?

தாராளமா வெக்கலாம், ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். 'கொ' ங்கிற எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா சேமிக்கலாம், க கூட ஒ மாத்திரைக்குறி ஒண்ணே ஒண்ணு, இல்லன்னா க கூட எ குறியும் கால் குறியும் தனித்தனியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பைட் வேற. கோ, கௌ இதுக்கும் இதே கதைதான். எச்எஃப்எஸ் பிளஸ் பேரை வாங்கினதும் பிரிச்சு சேமிக்கும், லினக்ஸ் நீங்க கொடுத்ததை அப்படியே வெச்சிருக்கும். அதனால பழைய மேக்ல ஜிப் பண்ண ஃபோல்டரை லினக்ஸ்ல பிரிச்சா, 'கொள்முதல்' ஃபைலைத் தேடற டெஸ்ட் ஃபைல் இல்லன்னு சொல்லும், ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும். சார்ட் வரிசையும் மாறும். ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சிக்கு (குறிகளைச் சேர்த்து ஒண்ணா வெக்கிற யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் பண்ணுங்க. இங்கிலீஷ் பேர் மட்டுமே வெச்சு டெஸ்ட் பண்ற டீமுக்கு இது கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது, அதனால டெஸ்ட் டேட்டால ஒரு தமிழ்ப் பேராவது இருக்கட்டும்னு நான் எப்பவும் கேட்பேன்.

மாற்றின நேரத்தை வெச்சு சார்ட் பண்ணலாமா?

டெஸ்ட்ல வேண்டவே வேண்டாம். கிட் க்ளோன் பண்ணும்போது ஃபைலோட பழைய நேரம் வராது, செக்அவுட் ஆன நேரம்தான் இருக்கும். அதுக்கு மேல ஃபேட்ல நேரம் 2 செகண்ட் துல்லியம்தான், எச்எஃப்எஸ் பிளஸ்ல 1 செகண்ட், என்டிஎஃப்எஸ்ல 100 நானோசெகண்ட். ஒரே செகண்டுக்குள்ள அம்பது ஃபைல் எழுதற டெஸ்ட்ல எல்லாத்துக்கும் ஒரே நேரம் விழுந்தா திரும்ப டைரக்டரி வரிசைக்கே வந்து நிப்பீங்க.

டெஸ்ட் ரன்னர் எந்த வரிசையில டெஸ்ட்களை எடுக்குது?

ஜாவா பில்ட் கருவியான மேவன் பயன்படுத்தறவங்க இதை கண்டிப்பா பாருங்க: டெஸ்ட் ஓட்டற ப்ளகின்களான ஷ்யூர்ஃபயர், ஃபெயில்சேஃப் ரெண்டுலயும் ரன் ஆர்டர் செட்டிங்கோட டிஃபால்ட் மதிப்பு ஃபைல் சிஸ்டம். அதாவது டெஸ்ட் கிளாஸ்கள் ஓடற வரிசையை டிஸ்க் முடிவு பண்ணுது. இன்டெக்ரேஷன் டெஸ்டுக்குன்னே இருக்கிற ப்ளகின் ஃபெயில்சேஃப்தான், அதுலயே இப்படி. பைத்தானோட பைடெஸ்ட் ஃபைல்களை சார்ட் பண்ணி எடுக்கும், ஃபைலுக்குள்ள எழுதின வரிசையில ஓட்டும். ஜாவாவோட ஜேயூனிட் 5ல மெத்தட் வரிசை ஒவ்வொரு தடவையும் ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா யாரும் அதை நம்பி எழுதிடக்கூடாதுன்னு வேணும்னே ஊகிக்க முடியாத மாதிரி வெச்சிருக்காங்க, நல்ல முடிவுன்னு நினைக்கிறேன்.

அப்போ ரன்னரை அகர வரிசைக்கு மாத்திட்டா பிரச்சனை தீர்ந்துதா?

பில்ட் பச்சையாகும், பிரச்சனை தீராது. இங்க ரெண்டு விஷயத்தை பிரிச்சுப் பாக்கணும். சில இடத்துல வரிசைங்கிறது வேலையோட ஒரு பாகம், டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை படிப்படியா மாத்தற ஸ்க்ரிப்ட்) மாதிரி. அங்க வரிசையை நீங்க எழுதி வெக்கணும். சில இடத்துல வரிசைக்கு அர்த்தமே இருக்கக்கூடாது, டெஸ்ட்கள் அந்த வகை. அங்க வரிசையால விடை மாறுதுன்னா ஒரு டெஸ்ட் விட்டுட்டுப் போன குப்பை இன்னொண்ணுக்கு தேவைப்படுதுன்னு அர்த்தம், இல்ல இடைஞ்சல் பண்ணுதுன்னு அர்த்தம், டேபிள்ல மிச்சமான ஒரு வரி, அழிக்காத டெம்ப் ஃபைல், மாத்தி வெச்ச என்விரான்மென்ட் வேரியபிள் இந்த மாதிரி. அகர வரிசை போட்டு அதை மூடி வெச்சா, நாளைக்கு யாராவது ஃபைல் பேரை மாத்தினதும் திரும்ப வெடிக்கும், அதுக்குள்ள அந்த டெஸ்டை எழுதினவர் டீம்லயே இருக்க மாட்டார்.

என் கருத்து, முதல் வகைக்கு சார்ட் போடுங்க, ரெண்டாவது வகைக்கு கலைச்சு விடுங்க. ரெண்டையும் மாத்தி செஞ்சா மாசக்கணக்குல அலைய வேண்டியிருக்கும்.

மைக்ரேஷன், சீட் டேட்டா (டேட்டாபேஸ்ல முதல்ல ஏத்தற டேட்டா) ஃபைல்களுக்கு என்ன செய்யலாம்?

டைரக்டரியை நம்பாம வரிசையை ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைல்ல எழுதிடறது எனக்குப் பிடிச்ச வழி. கஸ்டமர் டேபிள் முதல்ல, ஆர்டர் டேபிள் அப்புறம், ஃபாரின் கீ இருக்கறதால இப்படின்னு படிக்கறவங்களுக்கும் புரியும். பேர்ல எண் போடற முறைன்னா எண்ணை எண்ணாவே பார்ஸ் பண்ணி ஒப்பிடுங்க, ஒரே எண்ணுல ரெண்டு ஃபைல் இருந்தா உடனே எர்ரர் குடுத்து நிறுத்துங்க. ரெண்டு பிராஞ்ச்ல ரெண்டு பேர் ஒரே எண்ணை எடுக்கறது தினமும் நடக்கறதுதான்.

எதிர்பார்த்த அவுட்புட்டோட ஒப்பிடற டெஸ்ட்ல?

வரிசை முக்கியம் இல்லன்னா ரெண்டு பக்கத்தையும் செட்டா மாத்தி ஒப்பிடுங்க, ஒரே வரி ரெண்டு தடவை வர வாய்ப்பு இருந்தா செட் வேண்டாம், எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. வரிசை முக்கியம்னா டெஸ்ட்ல சார்ட் போடாதீங்க, ப்ராடக்ட் கோடுல போடுங்க. டெஸ்ட்ல போட்டா டெஸ்ட் மட்டும் பாஸ் ஆகும், யூசருக்கு கலைஞ்சுதான் போகும்.

ஜார் ஃபைல் (ஜாவா கிளாஸ்களோட பொட்டலம்), லிங்க் ஆர்டர் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. ஜாவால கிளாஸ்பாத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு ஒரு ஃபோல்டரைக் கொடுத்தா, உள்ள இருக்கிற ஜார்கள் எந்த வரிசையில வரும்னு சொல்ல முடியாது, மெஷினுக்கு மெஷின் மாறலாம்னு ஜாவா டாக்குமென்டேஷனே சொல்லுது. ஒரே கிளாஸ் ரெண்டு வெர்ஷன்ல இருந்தா முதல்ல வந்தது ஜெயிக்கும், ஒரு சர்வர்ல மட்டும் மெத்தட் இல்லன்னு எர்ரர் வரும். சி பிளஸ் பிளஸ்ல சோர்ஸ் ஃபைல்களை வைல்ட்கார்ட்ல எடுத்தா லிங்க் வரிசை மாறி, ஃபைல்களுக்கு இடையில க்ளோபல் ஆப்ஜெக்ட் உருவாகற வரிசையும் மாறலாம். டார் ஆர்கைவ் செக்சம் ஒப்பிடற டெஸ்ட் இருந்தா க்னூ டார்ல 1.28ல இருந்து பேர் வாரியா சார்ட் பண்ற ஆப்ஷன் இருக்கு, போடுங்க.

டாக்கர்ல ஓட்டினா எல்லாருக்கும் ஒரே வரிசை வந்துடாதா?

வராது. லோக்கேல், லைப்ரரி வெர்ஷன் இதெல்லாம் ஒண்ணாகும், அது நல்லதுதான். ஆனா ஃபைல் கடைசியில ஹோஸ்டோட டிஸ்க்லதான் இருக்கு, வால்யூம் மவுன்ட் பண்ணா மேக்ல இருக்கிறவருக்கு அடியில ஏபிஎஃப்எஸ், சிஐல எக்ஸ்ட்4.

வேணும்னே வரிசையை கலைச்சு டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும், பண்ணணும். டெபியன்ல ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் (எங்க பில்ட் பண்ணாலும் பைட் மாறாம வரணும்ங்கிற முயற்சி) வேலை பாக்கறவங்க டிஸ்ஆர்டர்எஃப்எஸ்னு ஒரு கருவி வெச்சிருக்காங்க, ஒரு டைரக்டரிக்கு மேல மவுன்ட் பண்ணா ஃபைல் வரிசையை தலைகீழாவோ ரேண்டமாவோ குடுக்கும். ராத்திரி பில்ட் ஒண்ணை அதுக்கு மேல ஓட்டுங்க, தலைகீழ் வரிசைலயே நிறைய பக் வெளிய வந்துடும். டெஸ்ட் வரிசையைக் கலைக்க ஒவ்வொரு ரன்னர்லயும் வழி இருக்கு: கோல 1.17ல இருந்து ஷஃபிள் ஃபிளாக், பைடெஸ்டுக்கு ரேண்டம்லி ப்ளகின், கூகுள்டெஸ்ட்ல ஷஃபிள், ரூபியோட ஆர்ஸ்பெக்ல ரேண்டம் ஆர்டர். ஒரே ஒரு நிபந்தனை, கலைக்கறதுக்கு எடுத்த சீட் எண்ணை லாக்ல எழுதி வைங்க, அது இல்லன்னா விழுந்த வரிசையை திரும்ப கொண்டு வரவே முடியாது.

வரிசையால விழற டெஸ்ட் கிடைச்சாச்சு, எந்த டெஸ்ட் அதைக் கெடுக்குதுன்னு எப்படி பிடிக்கிறது?

அதே சீட்ல ஓட்டி ஃபெயிலை உறுதி பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஓடின டெஸ்ட்களைப் பாதியா பிரிச்சு, ஒரு பாதியோட மட்டும் சேர்த்து ஓட்டுங்க, விழுந்தா குற்றவாளி அந்தப் பாதியில. 1000 டெஸ்ட் இருந்தாலும் பத்து தடவைக்குள்ள ஒண்ணுல வந்து நிக்கும். ஆர்ஸ்பெக்ல பைசெக்ட் ஆப்ஷனே இதை செஞ்சு குடுக்கும். சில சமயம் ரெண்டு டெஸ்ட் சேர்ந்தாதான் கெடுக்கும், அப்ப ரெண்டு பாதியும் பாஸ் ஆகும், அதைப் பார்த்து குழம்பாம துண்டுகளை மாத்தி சேர்த்துப் பாருங்க.

பழைய ப்ராஜெக்ட், ஆயிரக்கணக்கான ஃபைல். எங்க ஆரம்பிக்கிறது?

லிஸ்ட்டிர், க்ளாப், லிஸ்ட்ஃபைல்ஸ், ஃபைண்ட் இதையெல்லாம் கோடு முழுக்க தேடி ஒரு லிஸ்ட் எடுங்க. ஒவ்வொரு இடத்துலயும் கேக்க வேண்டியது ஒண்ணுதான், இந்த லிஸ்ட் தலைகீழா வந்தா விடை மாறுமா? மாறும்னா அங்க சார்ட், மாறாதுன்னா விட்டுடுங்க. ரெண்டு லிஸ்டை இண்டெக்ஸ் வெச்சு ஜோடி சேர்க்கிற இடம், லிஸ்டோட முதல் ஃபைலை மட்டும் எடுக்கிற இடம், இந்த ரெண்டையும் முதல்ல பாருங்க, மோசமான பக் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். அப்புறம் டைரக்டரி படிக்கிறதுக்குன்னு சார்ட் பண்ணி தர்ற ஒரே ஒரு ஹெல்ப்பர் ஃபங்ஷன் எழுதி, மத்ததை நேரா கூப்பிட்டா லின்ட் (கோடை ஓட்டாமலே சரிபார்க்கிற கருவி) எர்ரர் வர்ற மாதிரி விதி போடுங்க, புதுசா சேர்றவங்க தானா அந்தப் பக்கம் வந்துடுவாங்க. கிட் ரெப்போல இருக்கிற ஃபைல்கள் மட்டும் போதும்னா கிட்ல எல்எஸ்-ஃபைல்ஸ் கமாண்ட் எல்லா ஓஎஸ்லயும் ஒரே பைட் வரிசையில '/' போட்டே குடுக்கும், அதை எடுத்துக்கறது இன்னும் சுலபம்.